கப்பல் போன பிறகு: முதல் குளிர்காலத்துக்குப் போகிறவர்களுக்கு

அண்டார்டிகாவில் நம் நாட்டு நிலையங்களான மைத்ரியிலோ பாரதியிலோ குளிர்காலம் கழிக்கத் தேர்வாகியிருக்கும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும்,

எய்ம்ஸில் உங்கள் உடம்பைச் சோதித்திருப்பார்கள், மனசையும் கேள்வி மேல் கேள்வி கேட்டுத் துருவியிருப்பார்கள். ஔலியில் இந்தோ-திபெத் எல்லைக் காவல் படையினர் கயிறு கட்டவும் பனிப்பிளவில் விழுந்தவரைத் தூக்கவும் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். அதெல்லாம் நல்ல பயிற்சி, குறை சொல்ல ஒன்றுமில்லை. ஜூன் மாதத்தில் ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமையை எப்படிக் கழிப்பது என்று மட்டும் யாரும் பாடம் எடுப்பதில்லை. அங்கே குளிர்காலம் கழித்துவிட்டு வந்தவன் என்ற உரிமையில் அதைப் பற்றி எழுதுகிறேன்.

மார்ச் தொடக்கத்தோடு கோடை அணி கிளம்பிவிடும். கேப் டவுனிலிருந்து வரும் விமானமும் நின்றுவிடும். அதற்குப் பிறகு நவம்பர்வரை நீங்கள் இருபத்துச் சொச்சம் பேர்தான். ஊரிலிருந்து யாரும் வரமாட்டார்கள், யாரும் ஊருக்குப் போகவும் முடியாது. மைத்ரியில் மே 20-ஐ ஒட்டிச் சூரியன் கடைசியாக இறங்கும். திரும்பத் தலைகாட்ட ஜூலை 23 ஆகிவிடும். இடையில் நண்பகலில் வடக்கு அடிவானத்தில் கொஞ்ச நேரம் செம்மை படரும், அவ்வளவுதான் வெளிச்சம். அரிசி இருக்கும், டீசல் இருக்கும், படுக்கச் சூடான அறை இருக்கும். ஆனாலும் எழுந்திருக்க மனம் வராத காலை ஒன்று எல்லோருக்கும் வரும். அந்தக் காலைக்கு ஓர் இலக்கு வேண்டும், அதற்காகத்தான் இவ்வளவும்.

1. ஊர் திரும்பும் தேதியை இலக்காக வைத்துக்கொள்ளாதீர்கள்.

சுவரில் காலண்டர் மாட்டி ஒவ்வொரு நாளாக அடிப்பவர்கள் எல்லா அணியிலும் இருப்பார்கள். அந்தத் தேதி உங்கள் கையில் இல்லை. கடல் பனி விலகாவிட்டால் கப்பல் தாமதமாகும், பனிப்புயல் வந்தால் விமானம் இறங்காது. இரண்டு வாரம் தள்ளிப்போனால், வருஷம் முழுக்க அடித்த கோடுகள் எல்லாம் வீணானது போல மனசு உட்கார்ந்துவிடும்.

1916-இல் துருவப் பயணி ஷாக்கில்டனின் ஆட்கள் 22 பேர் எலிஃபென்ட் தீவில், கவிழ்த்துப்போட்ட இரண்டு படகுகளின் அடியில், ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் 30 வரை கிடந்தார்கள். தலைவர் உதவி தேடித் தெற்கு ஜார்ஜியாவுக்கு ஒரு சின்னப் படகில் போயிருந்தார். அவர் உயிரோடு கரை சேர்ந்தாரா என்பதே இவர்களுக்குத் தெரியாது. பொறுப்பில் இருந்த ஃப்ராங்க் வைல்ட், இன்றைக்கே தலைவர் வரலாம் என்று சொல்லித் தினமும் காலையில் படுக்கைப் பைகளைச் சுருட்டி வைக்கச் செய்தார். நம்பிக்கைக்கு இதை எல்லோரும் எடுத்துக்காட்டுவார்கள். எனக்கு அதில் பெரிதாகத் தெரிவது பை சுருட்டும் வேலைதான். கப்பல் வராவிட்டாலும் பை சுருட்டியாகிவிட்டது. இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அதே நம்பிக்கையால் வைல்ட் சீல், பெங்குவின் இறைச்சியை அதிகமாகச் சேர்த்துவைக்கத் தயங்கினார், அணியில் சிலர் அதற்காக முணுமுணுத்தார்கள். மீட்கும் கப்பல் வந்தபோது சில நாள் உணவே கையிருப்பு. ஆகவே காலையில் பையைச் சுருட்டுங்கள். உணவு, எரிபொருள் கையிருப்பைக் கணக்குப் போடும்போது மட்டும் கப்பல் வராது என்றே வைத்துப் போடுங்கள்.

2. அலுவலக வேலை வேறு, உங்கள் இலக்கு வேறு.

வானிலைக் கருவியைப் பார்ப்பது, காந்தமானியின் பதிவைச் சரிபார்ப்பது, ஜெனரேட்டரைக் கவனிப்பது, பாரதியில் செயற்கைக்கோள் தரவைப் பெற்று அனுப்புவது, இதெல்லாம் உங்களை எழுப்பிவிடும். இஸ்ரோவின் மங்களா மணி 56 வயதில் போய் 2016-17-இல் 403 நாள் பாரதியில் இருந்தார். 23 பேர் அணியில் அவர் ஒருவரே பெண். துருவங்களுக்கு மேலாகச் சுற்றும் செயற்கைக்கோள்கள் இரவு பகல் பார்ப்பதில்லை, அந்த வேலைக்கு ஆள் இருந்தே ஆக வேண்டும். அப்படி ஒரு கடமை இருப்பது பெரிய பலம்.

ஆனால் கடமை முடிந்த பிறகும் நாள் மீதமிருக்கும். அந்த மீதிக்கு, உங்களை யாரும் கேட்காத, யாருக்கும் அறிக்கை எழுத வேண்டாத ஒரு வேலை வேண்டும். அதைக் கிளம்புவதற்கு முன்பே முடிவு செய்யுங்கள். அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்றால் நடக்காது, அங்கே கடை கிடையாது. புல்லாங்குழல் பழக வேண்டுமென்றால் குழல் இரண்டாகப் போகட்டும், வறண்ட காற்றில் ஒன்று வெடித்தாலும் இன்னொன்று இருக்கும். தையல் என்றால் ஊசியும் நூலும் தாராளமாக எடுத்துப்போங்கள். புத்தகத்தை அச்சில் கொண்டுபோங்கள். இணையம் உண்டு, ஆனால் அதை நம்பி ஒரு வருஷப் படிப்பைத் திட்டமிட முடியாது.

3. இன்று ராத்திரி கையில் எடுத்துக் காட்டக்கூடியதாக இருக்கட்டும்.

“ரஷ்ய மொழி கற்கப்போகிறேன்” என்பது இலக்கு ஆகாது. அது ஆசை. மைத்ரியிலிருந்து சில கிலோமீட்டரில் ரஷ்யர்களின் நோவோலாசரேவ்ஸ்கயா நிலையம் இருக்கிறது. அங்கே இருப்பவர்களிடம் அடுத்த சந்திப்பில் பேச ஐந்து வாக்கியம் என்று வையுங்கள். அது ஒரு நாளில் முடியும்.

அந்த நிலையத்தில் நடந்ததை உங்களில் சிலர் படித்திருப்பீர்கள். 1961 ஏப்ரல் 30 அன்று அங்கிருந்த ஒரே மருத்துவரான லியோனிட் ரோகோசோவுக்குக் குடல்வால் வீங்கி வெடிக்கும் நிலை. வயது 27. வெளியே பனிப்புயல், விமானம் வர வழியில்லை. வாகன மெக்கானிக்கும் வானிலையாளரும் கருவி எடுத்துக்கொடுத்தும் விளக்கும் கண்ணாடியும் பிடித்தும் உதவ, சாய்ந்து உட்கார்ந்தபடி தன் வயிற்றைத் தானே திறந்து குடல்வாலை எடுத்தார். கண்ணாடியில் எல்லாம் தலைகீழாகத் தெரிந்ததால் பெரும்பாலும் விரலால் தடவித்தான் செய்ய வேண்டியிருந்தது. ஒன்றே முக்கால் மணி நேரம். அரை மணி நேரத்துக்கு மேல் போனதும் மயக்கம் வரத் தொடங்கியது. அப்போது அவர் நாலைந்து நிமிஷத்துக்கு ஒருமுறை இருபது இருபத்தைந்து விநாடி நிறுத்தி இளைப்பாறி, மறுபடி தொடர்ந்தார். இரண்டு வாரத்தில் வேலைக்குத் திரும்பிவிட்டார்.

அவருடைய வீரத்தை எல்லோரும் பேசுகிறார்கள். அந்த நாலு நிமிஷக் கணக்கை நீங்கள் மனசில் வையுங்கள். அறுவை முழுவதையும் முடிக்க முடியுமா என்று அவர் அப்போது யோசித்துக்கொண்டிருந்தால் முடிந்திருக்காது. அடுத்த நாலு நிமிஷம் கையை நடுங்காமல் வைப்பதே அப்போதைய வேலை. பெரிய கஷ்டத்தில் மாட்டும் எந்த மனிதருக்கும் இதைத்தான் சொல்வேன்: அலகைச் சின்னதாக்குங்கள். நாள் பெரிதாக இருந்தால் மணி, மணி பெரிதாக இருந்தால் நிமிஷம்.

4. சூரியனைப் பார்த்து வருஷத்தைப் பிரித்துக்கொள்ளுங்கள்.

இருட்டு மூளையை மந்தமாக்கும். ஒரு வரியைப் படித்து முடிப்பதற்குள் முதல் பாதி மறந்திருக்கும். பேசிக்கொண்டிருப்பவர் நடுவில் சுவரை வெறித்துப் பார்ப்பார், சமையலறைக்குள் போய் எதற்கு வந்தோம் என்று நிற்பார். இதை ஏதோ பலவீனம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஜெர்மானியர்களின் நோய்மையர் நிலையத்தில் 14 மாதம் இருந்த ஒன்பது பேரை ஆராய்ந்து 2019-இல் முடிவை வெளியிட்டார்கள். நினைவுக்கு முக்கியமான ஹிப்போகேம்பஸில் ஒரு பகுதி சராசரியாக 7 சதவீதம் அளவுக்குச் சுருங்கியிருந்தது. தனிமையும் மாறாத சூழலும் செய்யும் வேலையாக இது இருக்கலாம்.

ஆகவே போட்டித் தேர்வுக்குப் படிப்பதாக இருந்தால் கனமான பாடங்களை மார்ச், ஏப்ரலிலும், பிறகு ஆகஸ்டுக்கு மேலும் வையுங்கள். ஜூன், ஜூலையில் கைக்கு வேலை கொடுங்கள். மரம் செதுக்கலாம், பின்னலாம், படம் வரையலாம், பழைய ரேடியோவைப் பிரித்துப் பூட்டலாம். தெரிந்த பாட்டைத் திரும்ப வாசிக்கலாம், புது ராகம் பிறகு. ஜூனில் ஒருவர் பாடப் புத்தகத்தோடு மல்லுக்கட்டித் தோற்று, தனக்கு எதுவும் வராது என்ற முடிவுக்கு வந்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன். அந்த முடிவு பொய். மாதம் தவறு, அவ்வளவுதான்.

5. உடம்புக்கு ஒன்று.

தினமும் ஒரே நேரத்தில் எழுந்திருங்கள், வியர்க்கும்வரை நடங்கள். டிரெட்மில் போதும். 1898-இல் பெல்ஜிக்கா கப்பல் பெல்லிங்ஸ்ஹவுசன் கடலில் பனியில் இறுகியபோது, மருத்துவர் ஃப்ரெடரிக் குக் சோர்ந்துபோனவர்களைத் தினமும் நெருப்பின் வெளிச்சத்துக்கு எதிரே உட்காரவைத்தார், சீல் இறைச்சியும் பெங்குவின் இறைச்சியும் தின்னவைத்தார். உங்களுக்கு விளக்கும் இருக்கிறது, வைட்டமின் மாத்திரையும் இருக்கிறது. சோம்பலில் இரண்டையும் விட்டுவிடாதீர்கள்.

6. தனியாக ஒன்று, கூடி ஒன்று.

இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். தனியாக உட்கார்ந்து செய்யும் வேலை உங்களைக் காப்பாற்றும். அதுவே எல்லை மீறினால் அறைக்குள் பூட்டியும் விடும். சாப்பிட வராமல், கேட்டால் படிக்கிறேன் என்று சொல்லும் ஆளைக் கவனியுங்கள். அது நீங்களாகவும் இருக்கலாம்.

தென்துருவத்துக்குப் போன ஸ்காட்டின் அணியிலிருந்து பிரிந்து வடக்கே போன ஆறு பேர், 1912-இல் கப்பல் வந்து கூட்டிப்போக முடியாததால், பனியைக் குடைந்து குகை செய்து அதற்குள் குளிர்காலம் முழுவதும் இருந்தார்கள். கோடை உடை, கொஞ்சம் பிஸ்கட், சீல் கொழுப்பில் எரியும் விளக்கு. கரியும் புகையும் வயிற்றுப்போக்கும். அந்தக் குகையில் மருத்துவர் லெவிக் ‘டேவிட் காப்பர்ஃபீல்ட்’ நாவலை இரவுக்கு ஓர் அத்தியாயமாக உரக்கப் படித்தார். ஒரே மூச்சில் படித்து முடிக்கவில்லை. அடுத்த நாள் ராத்திரிக்கு ஒன்று மீதம் இருக்க வேண்டும் அல்லவா! ஆறு பேரும் பிழைத்தார்கள். வசந்தம் வந்ததும் தங்கள் காலாலேயே நடந்து முகாமுக்குத் திரும்பினார்கள்.

நம் நிலையத்தில் தமிழர் ஒருவரோ இருவரோதான் இருப்பீர்கள். மற்றவர் மலையாளி, வங்காளி, கர்வாலி, மராத்தியர் என்று பலர். இருவர் இருந்தால் ‘பொன்னியின் செல்வன்’ ஐந்து பாகத்தையும் குளிர்காலத்துக்குப் பிரித்துக்கொள்ளலாம், ஒருவர் படிக்க ஒருவர் கேட்கலாம். ஒருவர்தான் என்றால் கதையை இந்தியில் சொல்லுங்கள். வந்தியத்தேவன் எந்த மொழியிலும் மாட்டிக்கொண்டு தப்பிப்பான், கேட்பவர்கள் மறுநாள் தாங்களாகவே வந்து உட்காருவார்கள்.

ஜூன் 21 நடுக்குளிர்கால விழா. அண்டார்டிகாவின் நிலையங்கள் அன்றைக்கு ஒன்றுக்கொன்று வாழ்த்து அனுப்பும். அதற்கு மூன்று வாரம் முன்பே நாடகமோ பாட்டோ எடுத்துக்கொண்டு ஒத்திகை தொடங்குங்கள். மேடையில் நன்றாக வர வேண்டும் என்பதே கட்டாயமில்லை. இருட்டின் மிக மோசமான மூன்று வாரத்துக்கு, சாயங்காலம் ஆறு மணிக்கு உங்களுக்காக நாலு பேர் காத்திருப்பார்கள்.

7. சமையலறையில் ஒரு பொறுப்பை விரும்பி எடுங்கள்.

கிச்சன் டியூட்டி முறை வைத்து எல்லோருக்கும் வரும். அதோடு நிற்காமல் ஒரு பண்டத்தை உங்களுடையதாக்கிக்கொள்ளுங்கள். அந்தக் குளிரில் இட்லி மாவைப் புளிக்கவைப்பது சின்ன விஷயமில்லை. நிலையத்துக்குள் சூடு எங்கே நிலையாக இருக்கிறது என்று தேட வேண்டும், எத்தனை மணி நேரம் என்று குறித்துவைக்க வேண்டும், முதல் தடவைகள் கல்லாகத்தான் வரும். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மூடியைத் திறந்தால் மாவு பொங்கியிருக்கும். லடாக்கிலிருந்து வந்த டிரைவர் மூன்றாவது தடவை தட்டை நீட்டும்போது உங்கள் முகத்தைக் கண்ணாடியில் பாருங்கள். பிறருக்குப் பயன்படும் இலக்கு சீக்கிரம் சலிக்காது. நீங்கள் விட்டாலும் அவர்கள் விடமாட்டார்கள்.

8. இன்பத்தைப் பங்கிட்டு வையுங்கள்.

அந்தப் பனிக்குகை ஆட்கள் சர்க்கரைக் கட்டியை ஞாயிற்றுக்கிழமைக்கு என்று ஒதுக்கிவைத்தார்கள். வீட்டில் கட்டிக்கொடுக்கும் அதிரசத்தையும் முறுக்கையும் கப்பலிலேயே தீர்க்காதீர்கள். அம்மாவிடமோ துணைவரிடமோ மூடிய கடிதங்கள் சில கேட்டு வாங்குங்கள், உறையின் மேல் திறக்க வேண்டிய தேதி எழுதியிருக்கட்டும்.

9. தவறிய நாளைக் கடனாக ஏற்றாதீர்கள்.

நாலு நாள் குழலைத் தொடவில்லை என்றால் ஐந்தாம் நாள் ஐந்து நாள் பயிற்சியைச் செய்ய முயலாதீர்கள். வழக்கத்தில் பாதி செய்யுங்கள். 1934-இல் அமெரிக்கரான ரிச்சர்ட் பேர்ட் ஒரு சின்னக் குடிலில் தன்னந்தனியாகக் குளிர்காலத்தைக் கழிக்க உட்கார்ந்தார். சுரங்கம் தோண்ட ஒரு மணி, எரிபொருள் டிரம்களைச் சீராக்க ஒரு மணி என்று நாளைத் துண்டு போட்டுக்கொண்டார். முடிந்தாலும் முடியாவிட்டாலும் மணி ஆனதும் அடுத்ததற்குப் போவார். பிறகு அடுப்பின் கார்பன் மோனாக்சைடு நச்சு ஏறிப் படுத்தபோது அந்தப் பட்டியல் சுருங்கிச் சுருங்கி விளக்கேற்றுவது, கொஞ்சம் சாப்பிடுவது என்ற அளவுக்கு வந்தது. அதையும் பட்டியலாகவே வைத்திருந்தார். ஆகஸ்டில் ஆட்கள் வந்து சேரும்வரை உயிரோடு இருந்தார்.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். வீட்டிலிருந்து துக்கச் செய்தி வரக்கூடும். அப்பாவோ அம்மாவோ தவறிவிடலாம், நீங்கள் போக முடியாது. கொள்ளி வைக்கவும் முடியாது, முகம் பார்க்கவும் முடியாது. அன்றைக்கு இலக்கு எதுவும் வேண்டாம். உடனே லீடரிடம் சொல்லுங்கள், அறையில் தனியாகக் கிடக்காதீர்கள், யாராவது கூட இருக்கட்டும். அழுங்கள். நிலையத்தில் இருக்கும் அத்தனை பேரும் உங்களுக்கு அன்றைக்குச் சொந்தக்காரர்கள்தான். சமைத்து ஊட்டுவார்கள், விளக்கேற்றி வைப்பார்கள். மூன்றாம் நாளோ ஐந்தாம் நாளோ, டியூட்டிக்கு மட்டும் போங்கள். குழலும் படமும் தானாகக் கூப்பிடும்போது எடுத்துக்கொள்ளலாம்.

10. இலக்குக்காக உயிரைப் பணயம் வைக்காதீர்கள்.

துருவ ஒளியைப் படம் எடுக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். பதிவேட்டில் எழுதாமல், துணையில்லாமல், வாக்கி டாக்கி இல்லாமல் வெளியே போகக்கூடாது. புயலில் கட்டடங்களுக்கு நடுவே கட்டியிருக்கும் கயிற்றை விட்டால் பத்தடிக்குள் திசை தப்பிவிடும். ஒரு படத்துக்காக இருபது பேரைத் தேடவைக்கும் உரிமை யாருக்கும் இல்லை. இதில் நான் இரக்கம் காட்டமாட்டேன்.

11. அடுத்தவர் இலக்கைக் கேலி செய்யாதீர்கள்.

ஒருவர் தீக்குச்சியில் வீடு கட்டுவார். இன்னொருவர் தினமும் ஒரே ஜன்னலிலிருந்து ஒரே பாறையைப் படம் எடுப்பார். அதைப் பிடித்துக்கொண்டுதான் அவர் நிற்கிறார். சாப்பாட்டு மேசையில் நீங்கள் விடும் ஒரு சிரிப்பு அவரை ஒரு மாதம் படுக்கவைத்துவிடும்.

12. சூரியன் திரும்பிய பிறகு எடுக்க ஒன்றை ஒளித்துவையுங்கள்.

ஜூலை 23-ஐ ஒட்டி எல்லோரும் வெளியே ஓடி வருவீர்கள், கட்டிப்பிடிப்பீர்கள். கஷ்டம் தீர்ந்துவிட்டது என்று தோன்றும். என் அனுபவத்தில் கடினமான காலம் அதற்குப் பிறகுதான். ஆகஸ்ட், செப்டம்பர். பாதி தாண்டியாயிற்று, மீதி இன்னும் பெரிதாகக் கிடக்கிறது. தொண்டையைக் கனைக்கும் சத்தத்துக்குக்கூடக் கோபம் வரும். 1991-இல் இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் இதை மூன்றாம் கால்பகுதிச் சோர்வு என்று குறித்தார்கள். பின்னால் வந்த ஆய்வுகள் எல்லாமே அதை ஒப்புக்கொள்ளவில்லை, சிலருக்கு வருவதே இல்லை. வந்தாலும் வராவிட்டாலும், பெட்டியின் அடியில் பிரிக்காத ஒன்றை வைத்திருங்கள். புது வண்ணப்பெட்டியாக இருக்கலாம், படிக்காத நாவலாக இருக்கலாம். ஆகஸ்ட் பிறக்குமுன் அதைத் தொடாதீர்கள்.

பெல்ஜிக்காக்காரர்களுக்கும் சூரியன் திரும்பிய பிறகு செய்ய ஒன்று இருந்தது. பனியில் மாட்டிய பத்து மாதத்துக்குப் பிறகு, 1899 ஜனவரியில், ரம்பம் எடுத்துக் கப்பலிலிருந்து திறந்த நீர்வரை பனியில் கால்வாய் அறுக்கத் தொடங்கினார்கள். அதற்குள் ஒருவர் இறந்திருந்தார், சிலருக்குப் புத்தி பேதலித்திருந்தது. அறுத்த வழி ஒருமுறை மூடிக்கொண்டது. மார்ச்சில் வெளியே வந்துவிட்டார்கள். அதற்கு முந்தைய இருட்டு மாதங்களிலும் சும்மா இருக்கவில்லை, குக்கும் அதே கப்பலில் இருந்த இளைஞரான அமுண்ட்சனும் புதுமாதிரிக் கூடாரமும் பனிச்சறுக்கு வண்டியும் வடிவமைத்துக்கொண்டிருந்தார்கள்.

13. முடியாததைப் பெட்டியில் போட்டுக் கொண்டுவாருங்கள்.

புதிய அணி வந்து இறங்கியதும் கடைசி வாரத்தில் எல்லாவற்றையும் முடித்துவிட வேண்டும் என்று பரபரக்காதீர்கள். அந்த வாரம் அவர்களுக்கு உரியது. எந்தக் கதவு இறுகும், ஏரித் தண்ணீர்க் குழாய் எங்கே உறையும், இட்லி மாவு எந்த மூலையில் புளிக்கும் என்று எழுதிக்கொடுங்கள். பாதி பின்னிய ஸ்வெட்டர் பாதியாகவே ஊருக்கு வரட்டும். ஊரிலும் முதல் மாதம் சுலபமாக இருக்காது. ஹாரன் சத்தமும் கல்யாண வீட்டுக் கூட்டமும் தலையைச் சுற்றவைக்கும், தூக்கம் வராது, வீட்டார் கேட்கும் கேள்விக்குப் பதில் வாயில் வராது. அப்போது சாயங்காலம் ஆறு மணிக்கு அந்த ஊசியை எடுத்துக்கொண்டு திண்ணையில் உட்காருங்கள். குழந்தைகளில் ஏதாவது ஒன்று வந்து என்ன பின்னுகிறீர்கள் என்று கேட்கும், அதற்குக் கற்றுக்கொடுங்கள்.